பெரிய கந்தோரின் மூலைத் தூண்

இப்போது சனம் எதையும் விசாரித்து அறிவதில்லை. முன்னால் நிற்கிறவன் கை கூப்பினால் பின்னால் நிற்கிறவனும் கூப்புகிறான். யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறது, உலகத்தில் உள்ளதெல்லாம் அதற்குள் தெரியுமாம். ஆனால் மன்னார்ப் பட்டினத்துக்கு நடுவில் நிற்கிற ஒரு தூணில் என்ன இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. மெழுகுதிரி கொளுத்தத்தான் தெரிந்திருக்கிறது.

பெரிய கந்தோரின் மூலைத் தூணைத்தான் சொல்கிறேன்.

அரசாங்க அலுவலகம் இருக்கிற அந்தக் கட்டடத்தைப் பெரிய கந்தோர் என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வார்கள். இப்போது வாசலில் கட்டியிருக்கிற பதாகையில் வேறு ஏதோ நீளமான பெயர் இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்துப் பண்டகசாலை என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். என் தகப்பன் சொன்னது, முத்துக்குளிப்பை மேற்பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவன் கட்டினான் என்று. என் தகப்பன் பொய் சொல்லக்கூடிய ஆள்தான். பதாகை எழுதினவர்களை எனக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் நான் நம்பவில்லை.

என் கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன். கீழ்த்தட்டு கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். சுவரின் அகலத்துக்கு ஒரு ஆள் அதன்மேல் படுத்துத் தூங்கலாம். மேல்மாடி பிறகு வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது அதற்குச் சீமெந்து மூட்டைகள் ரெயிலில் வந்து இறங்கின. முன்னால் நீளமாக ஒரு விறாந்தை, விறாந்தைக்கு உருண்டைத் தூண்கள். காணி, மீன்பிடி, பிறப்பு, இறப்பு, கலியாணம் எல்லாம் அதற்குள்தான். தீவில் பிறந்த எவனும் ஒரு தடவையாவது அந்த விறாந்தையில் நின்று கால் கடுத்திருப்பான். நான் வலை அனுமதிக்கு நின்றேன். மண்ணெண்ணெய்க்கு நின்றேன். சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் எடுக்க நின்றேன். அப்போது மேல்மாடியில் ஆமி இருந்தது, சன்னலெல்லாம் மண்மூட்டை. கீழே நாங்கள் பசியோடு நிற்போம், மேலே யாரோ சிங்களப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பான். பாட்டு நல்லாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குக் கோபம்.

ஆமி போன பிறகு நிவாரணம் கொடுக்கிறவர்கள் கொஞ்சக் காலம் இருந்தார்கள், அவர்களும் போக வௌவால் வந்தது. பிறகு கழுதைகள். மழை பெய்தால் மன்னாரில் உள்ள கழுதைகள் எல்லாம் அந்த விறாந்தையில்தான். பின்பக்கத்து அறைகளில் மட்டும் பதிவு வேலை நடந்துகொண்டிருந்தது. கழுதையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்த்தான் செத்தவரைப் பதிய வேண்டும், பிறந்ததையும் பதிய வேண்டும்.

இப்போது திருத்துகிறார்கள். எல்லாக் கந்தோர்களையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரப் போகிறார்களாம். சுவரைச் சுரண்டச் சுரண்ட நிறம் நிறமாக உரிகிறது. மேலே நிவாரணக்காரர் அடித்த நீலம், அதற்குள் ஆமியின் பச்சை, அதற்குள் பழைய மஞ்சள், கடைசியில் வெள்ளைச் சுண்ணாம்பு. வௌவால் எச்சத்தைச் சாக்குச் சாக்காக அள்ளித் தோட்டக்காரர் கொண்டுபோனார்கள். அது ஒன்றுதான் இந்தத் திருத்த வேலையில் சனத்துக்கு உடனே கிடைத்த நன்மை.

அந்தக் கந்தோரில்தான் எனக்கும் என் மனைவி இந்திராதேவிக்கும் எழுத்து நடந்தது. எழுத்து என்றால் கலியாணப் பதிவு. மற்றவர்களுக்கு எழுத்தோடு கோயில் இருக்கும், பந்தல் இருக்கும், சாப்பாடு இருக்கும். எங்களுக்கு எழுத்து மட்டுந்தான். நான் கீரிக் கடற்கரையில் வேதக்காரக் குடும்பம். அவள் முருங்கன் பக்கத்தில் வயற்காரர் வீட்டுப் பெண், சைவம். ஞானஸ்நானம் எடுத்தால் கட்டிவைக்கிறேன் என்று எங்கள் பங்குச் சுவாமி சொன்னார். அவள் மாட்டேன் என்றாள். கடற்காரனுக்குப் பெண் கொடுப்பதில்லை என்று அவளுடைய தகப்பன் சொன்னார். ஆகவே இரண்டு பக்கத்திலும் ஒரு குருவிகூட வரவில்லை. சாட்சிக்கு ஆள் தேடி நான் மீன் சந்தைக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் விறாந்தையின் மூலைத் தூணோடு ஒட்டி நின்றாள். தூணில் மஞ்சள் கிழங்குத் துண்டு ஒன்றை நூலில் கோத்துக் கட்டியிருந்தாள்.

"என்னடி இது?" என்றேன்.

"ஒண்டுமில்லை. நூல்," என்றாள்.

அன்றிலிருந்து அந்தத் தூணைக் கடந்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் போகமாட்டாள். வருசம் ஒருக்கால் மஞ்சள் பூசிப் புது நூல் கட்டுவாள், பழையதை அவிழ்க்காமலே.

"விசரி, உனக்குப் பைத்தியமோ? அது சுண்ணாம்புத் தூண். அதுக்குள்ள ஒருத்தரும் இல்லை," என்பேன்.

"இல்லையெண்டு எனக்கும் தெரியும்," என்பாள்.

தெரிந்துகொண்டே தொடுகிற ஆளோடு என்ன வாதாடுவது? விட்டுவிட்டேன்.

ஆனால் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பாஸுக்கு நின்ற ஒருத்தி அவளைப் போலவே தூணைத் தொட்டாள். அன்றைக்கு அவளுக்குப் பாஸ் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த கிழமை தூணடியில் ஒரு மெழுகுதிரி. பிறகு திருநீறு. பிறகு பச்சைத் துணி. காணாமற்போன ஆடு வேண்டியும் அங்கே ஊதுபத்தி எரிந்ததை நான் கண்டிருக்கிறேன்.

திருத்த வேலை மூலைத் தூணை உடைக்கிற இடத்தில் வந்து நின்றுவிட்டது என்று சந்தையில் கேள்விப்பட்டேன். பட்டினத்துக்குப் போனேன். கந்தோருக்கு எதிரே ஷிஹானாவின் தேத்தண்ணிக் கடை. வேலைக்காரர்கள் அங்கேதான் குந்தியிருந்தார்கள். மேசன் றொஷான் தோட்டவெளிப் பெடியன். பெடியன் என்றாலும் தலை நரைத்துவிட்டது.

"ஏன் தம்பி, வேலை செய்யேல்லையோ?" என்றேன்.

"நான் அதில கை வைக்கமாட்டன், அப்பு. உது வைரவர்."

"நீ வேதக்காரன். உனக்கென்ன வைரவர்?"

"எனக்கு அவரைத் தெரியாட்டிலும் அவருக்கு என்னைத் தெரியும்தானே."

பக்கத்தில் சுபாஸ்கரன், கூரைக்கு இரும்பு பொருத்துகிறவர், நெற்றியில் மூன்று குறி திருநீறு. "வைரவரோ? விசர்க்கதை," என்றார். "வைரவர் எண்டா சூலம் இருக்கும். உது முஸ்லிம் ஆக்களின்ர அவுலியா. பச்சைத் துணி உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

கடைக்குள்ளிருந்து ஷிஹானா எட்டிப் பார்த்தாள். "அல்லாவே! எங்கட அவுலியாமார் தூணுக்குள்ள வந்து அடங்கிறேல்லை, தம்பி. மெழுகுதிரியைப் பாருங்கோ. அது வேதக்காரரின்ர அந்தோனியார்."

ஒவ்வொருவரும் மற்றவனுடைய சாமி என்றுதான் சொன்னார்கள். அதனால் எல்லாருக்கும் பயம். தன்னுடைய சாமி என்றால் கெஞ்சிக் கேட்டு ஏதாவது செய்யலாம். மற்றவனுடைய சாமியின் குணம் யாருக்குத் தெரியும்?

நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அது என் மனுசியின் விசர் என்று ஒரு சொல் சொன்னால் போதும், றொஷான் சுத்தியலைத் தூக்கிவிடுவான். தூண் போனால் வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன இருக்கிறது? அவளுக்குக் கோயில் இல்லை, பந்தல் இல்லை, மணவறையில் இருந்து எடுத்த ஒரு படம் இல்லை. அவளுடைய கலியாணம் முழுக்க அந்தத் தூண்தான்.

எஞ்சினியர்ப் பிள்ளை வந்தாள். ஹம்சிகா என்று பெயர். தலையில் மஞ்சள் தொப்பி, காலில் பெரிய சப்பாத்து. வெயிலில் முகம் கறுத்திருந்தது. வேலை நிற்கிற கவலை முகத்தில் தெரிந்தது.

"ஐயா, நீங்கள் பழைய ஆள். இந்தத் தூணில என்ன இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது பிள்ளை. ஆனா நான் எண்டாத் தொடமாட்டன்."

"கேட்டீங்களோ மிஸ்!" என்று றொஷான் துள்ளினான். "அப்புவே சொல்லுறார்!"

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். "ஐயா, வீல் செயார் ஏறுற சரிவுப் பாதை இந்த மூலையாலதான் வர வேணும், தூணை எடுத்தாத்தான் இடம். மேல இரும்பு முட்டுக் குடுத்தாச்சு. மற்ற மூலையில பழங்காலத்துப் பெருக்கமரம். அதை வெட்ட ஏலாது."

"அப்ப பாதையை வளைச்சுக் கட்டுங்கோ."

"இடம் காணாது. சரிவு கூடிப்போனா வீல் செயார் பின்னால உருண்டு வந்திடும்."

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. நம்பத்தான் மனம் வரவில்லை. கந்தோரில் ஏலாது என்று சொன்ன எத்தனையோ காரியம், அடுத்த நாள் காரில் ஒருவர் வந்து இறங்கியதும் நடந்திருக்கிறது. நான் அதைச் சொல்லவில்லை. தூண் இன்னும் நிற்கிறது என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் ஒன்றும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

"இஞ்சாருங்கோ, கந்தோரை இடிக்கிறாங்களாமே?"

"இடிக்கேல்லை. சும்மா பெயின்ற் அடிக்கிறாங்கள்."

"என்ர தூண்?"

"அது நிக்குது. அதைத் தொட ஒருத்தனுக்கும் துணிவில்லை." வைரவர், அவுலியா, அந்தோனியார் கதையைச் சொன்னேன்.

அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்த அரிவாளை வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள். எனக்கும் சந்தோசம்தான். பிறகு மீன் செதில் ஒட்டின கையைக் கழுவினாள்.

"நாளைக்கு என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"உன்ர முழங்காலோட பஸ்ஸில ஏறமாட்டாய்."

"ஏறுவன்."

ஏறினாள். ஒரு கையால் கம்பியையும் மற்றக் கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு, வழி நெடுக அம்மாளே அம்மாளே என்றாள். பெட்டியின் அடியில் கிடந்த அரக்குச் சேலையைக் கட்டியிருந்தாள். எங்கே கலியாண வீட்டுக்கோ என்று ஒருவர் கேட்டார். ஓம் என்றாள். அது பகிடி என்று நினைத்தேன்.

கந்தோரில் வேலைக்காரர்கள் வழிவிட்டு நின்றார்கள். அவள் தூணைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். றொஷான் தொப்பியைக் கழற்றினான். அந்த நேரம் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு சில்லுக் கதிரையை, அதுதான் வீல் செயாரை, இறக்கினார்கள். பிறகு ஒரு பெண்ணை இறக்கி அதில் இருத்தினார்கள். மதுஷிகா என்று பெயர், முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். சண்டை முடிந்த காலத்தில் கால் போனது. பின்பக்கத்துப் பதிவறைக்கு அவள் அடிக்கடி வர வேண்டியிருக்கிறது என்று ஷிஹானா சொன்னாள்.

படியில் கதிரை ஏறாது. றொஷானும் சுபாஸ்கரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அவள் பாவாடையை இழுத்து மடிக்குள் செருகிக்கொண்டாள்.

"அண்ணாக்கள், நான் நல்ல பாரமோ?"

"சீமெந்து மூட்டையில அரைவாசியும் காணாது, தங்கச்சி," என்றார் சுபாஸ்கரன்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் தூக்கிக்கொண்டு போகிற நேரம் முழுவதும் அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு போனாள். இந்திராதேவி அதைக் கண்டாள். அவள் கண்டதை நான் கண்டேன். தூணை விட்டுக்கொடுக்கப் போகிறாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"பிள்ளை," என்று ஹம்சிகாவைக் கூப்பிட்டாள். "அவ போறதுக்குத்தானோ இந்த இடம் வேணும்?"

"ஓம் அம்மா. ஆனா தூணில..."

"தூணில ஒருத்தரும் இல்லை, பிள்ளை. இது என்ர கன்னிக்கால்."

சுபாஸ்கரன்தான் முதலில் விளங்கிக்கொண்டார். தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கையில் பிடித்தார். மற்றவர்கள் முழித்தார்கள். நானும்தான்.

"என்ன கால்?" என்றேன்.

"கன்னிக்கால். எங்கட பக்கத்தில கலியாணத்துக்கு முதல் முள்முருக்கந் தடி ஒண்டு நடுவினம். பால் ஊத்தி, மஞ்சள் கட்டுவினம். அது நட்டால்தான் கலியாணம் தொடங்கினது. அண்டைக்கு எனக்கு ஆர் நட்டுத் தந்தது? நீங்கள் சாட்சிக்கு ஆள் பிடிக்க ஓடிட்டியள். நான் சுத்திப் பாத்தன். இந்தத் தூண் நட்டபடி நிண்டுது."

"இதை ஏனடி இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப கேட்டியள்? விசரி எண்டுதானே சொன்னியள்."

ஷிஹானா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாலி கட்டி நாலாம் நாள், நாலாஞ்சடங்குக்குக் கன்னிக்காலைப் பிடுங்கிறது முறை," என்றாள் இந்திராதேவி. "பிடுங்கினால்தான் கலியாணம் முடிஞ்சது. எனக்குப் பிடுங்கித் தரவும் ஆக்கள் இல்லை. அது அப்பிடியே நிண்டிட்டுது."

"அப்ப எங்கட கலியாணம்?"

"முடியேல்லை. இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கு."

"அப்ப பந்தியும் இன்னும் வைக்கேல்லையோ, ஆச்சி?" என்றான் றொஷான்.

"ஷிஹானாட்ட வடை இருக்கும். போய்ச் சாப்பிடு. இப்ப இதைப் பிடுங்கித் தாங்கோ."

அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எஞ்சினியர்ப் பிள்ளையிடம் திரும்பினேன்.

"பிள்ளை, வாசலில பதாகை கட்டியிருக்கிறியள். பழைய கட்டடத்தைக் காப்பாத்துறம் எண்டு எழுதியிருக்கிறியள். இதுதான் காப்பாத்துற வடிவோ?"

"ஐயா, அம்மாதானே சொல்லுறா..."

"அவள் விசரி. அவள் சொல்லுறதைக் கேட்டு உடைக்கிறதோ? வைரவர் இருந்தாலும் இருப்பார். ஆருக்குத் தெரியும்?"

றொஷான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். நேற்றைக்கு நான் தொடமாட்டேன் என்றதன் காரணம் அவனுக்கு இப்போது விளங்கியிருக்க வேண்டும். விளங்கட்டும்.

இந்திராதேவி என் சேட்டின் கையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அந்தப் பிள்ளையைத் தூக்கேக்க பாத்தியளோ?"

"பாத்தன்."

"பிறகென்ன?"

"நடக்கிற கலியாணம் நடந்துகொண்டு இருக்கட்டும். அதை ஏன் முடிக்க வேணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்துக் கனகாலம். பிறகு ஷிஹானாவிடம் பால் கேட்டாள்.

"பசுப்பால் இல்லை, பவுடர் கலக்கிற மாப்பால்தான் இருக்கு, அக்கா."

"பால் பால்தானே."

"நான் ஊத்தமாட்டன், அக்கா, எங்கட ஆக்கள் ஏதும் கதைப்பினம். ஆனா நல்லாத் தடிப்பாக் கலந்து தாறன்," என்றாள் ஷிஹானா. செம்பு நிறையக் கலந்து, சீனி போடாமல், தன் கையாலேயே கொண்டுவந்தாள். ஆறட்டும் என்று ஊதியும் கொடுத்தாள்.

சுபாஸ்கரன் மெழுகையும் துணியையும் அகற்றினார். துணியை எறியவில்லை, மடித்துப் பக்கத்தில் வைத்தார். பதிவறையில் அலுவல் முடிந்து மதுஷிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இந்திராதேவி அவளைத் தூணடியில் இறக்கச் சொன்னாள்.

"பிள்ளை, நீயும் கொஞ்சம் ஊத்து."

"நானோ? எனக்குக் கலியாணம் நடக்கேல்லை, அம்மா. நான் ஊத்தலாமோ?"

"இது என்ர கலியாணம். ஆர் ஊத்திறது எண்டு நான்தான் சொல்லுவன்."

அவள் கதிரையிலிருந்து எட்டி, எட்டின இடத்தில் ஊற்றினாள். மஞ்சள் ஊறிப்போன சுண்ணாம்பில் பால் வழிந்து மணலில் இறங்கியது. இந்த முறை அவள் கூரையைப் பார்க்கவில்லை.

நூல்தான் மிச்சம். வருசம் வருசமாகக் கட்டினது ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிக் கயிறு போலக் கிடந்தது.

"முடிச்சை நீங்கள்தான் அவிழ்க்க வேணும்," என்றாள்.

"என்னால ஏலாது."

ஐம்பது வருசம் வலை பிரித்தவனுக்கு அந்த முடிச்சு ஒரு முடிச்சா? அது அவளுக்குத் தெரியும். என்னை வற்புறுத்தவில்லை. தன் வீங்கின விரல்களால் தானே ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. அந்த அளவுக்கு அவர்களுக்குப் புத்தி இருந்தது.

"தூணில ஒரு கல்லை எடுத்துத் தாறன் அம்மா, வீட்ட வச்சிருங்கோ," என்றாள் ஹம்சிகா.

"கல்லு எனக்கென்னத்துக்கு? அதை உந்தப் பாதைக்குள்ள போடுங்கோ."

"கட்டாயம் போடுவன். அத்திவாரத்துக்கு அதைத்தான் போடுவன்."

போடுவாளாம். கந்தோர் வேலையில் எந்தக் கல் எங்கே போகும் என்று யார் கண்டது? நல்ல பிள்ளைதான், முகத்தில் கள்ளம் இல்லை. ஆனால் நல்ல பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட எவ்வளவு நேரம் செல்லும்?

"வாங்கோ, வீட்ட போவம். கலியாணம் முடிஞ்சுது," என்றாள் இந்திராதேவி.

"முடிஞ்சுதெண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு நான் நடக்கத் தொடங்கினேன்.

பின்னால் சுத்தியல் விழுந்தது. பழைய முருகைக்கல், சத்தம் பெரிதாக வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அங்கே சிரித்துக் கதைக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்குப் பாதை வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் நின்றதை எடுத்தது சரி என்று எனக்குப் படவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் அவளுடைய முழங்காலுக்கு ஏற்றபடி மெதுவாகத்தான் நடந்தேன். ஆனால் ஓரடி முன்னால்தான் நடந்தேன். எனக்குக் கோபம் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே.